எச்ஐவி மாத்திரை ஈரலைத் தின்றுவிடுமா? வாசகர் கேள்வி பதில்

எச்ஐவி இருப்பது தெரிந்தவுடனேயே ஏஆர்டி எனப்படும் கூட்டு மருந்தைத் தொடங்கிவிடுவது ஏன் நல்லது என்று இரண்டு இதழ்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஈரலைப் பற்றித்தான் இருக்கிறது. நெஞ்சு, கிட்னி, மூளை பற்றியெல்லாம் ஒன்றிரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க ஈரல்தான். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி ஊரையும் தொழிலையும் மாற்றிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 29. பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி உறுதியானது. சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்புச் செல்களின் அளவு) 612. மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி 62, எஸ்ஜிஓடி 48 என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் நண்பன், "உனக்குத்தான் சிடி4 நல்லா இருக்கே, ஈரல் ஏற்கெனவே வீக்கா இருக்கு, இந்த மாத்திரை ஈரலைத் தின்னுடும், ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்கிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. இன்று ராத்திரி போட வேண்டியதை இன்று ராத்திரியே போட்டுவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள்.

உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொல்வதில் ஒரு காலத்து உண்மை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் அவர் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. மாத்திரை தொடங்கும் முன்பே உங்களுக்கு எஸ்ஜிபிடி 62 இருந்ததே, அது எங்கிருந்து வந்தது? மாத்திரையிலிருந்து வந்திருக்க முடியாது இல்லையா?

எச்ஐவி ரத்தத்தில் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். உடம்புக்குள் வந்த முதல் சில வாரங்களிலேயே அது பெரிய சேதத்தைச் செய்யும் இடம் குடல். குடல் சுவரில் காவலுக்கு நிற்கும் சிடி4 செல்கள் அந்த நாட்களில் பெருமளவு அழிந்துபோகின்றன, உங்கள் கையில் ஊசி குத்தி எடுக்கிற ரத்தத்தில் எண்ணிக்கை 600, 700 என்று அழகாக இருந்தாலும்கூட. காவல் குறைந்தால் சுவர் கசியும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் துண்டு துணுக்குகள் அந்தக் கசிவு வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன, குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகப் போய்ச் சேருகிற முதல் இடம் கல்லீரல்தான். அங்கே இருக்கிற துப்புரவுச் செல்கள் இந்தக் குப்பையைப் பார்த்து ஓயாமல் கிளர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கிளர்ச்சி வருடக்கணக்கில் நீடித்தால் ஈரலில் நார் படியத் தொடங்கும். ஃபைப்ரோசிஸ் என்று ரிப்போர்ட்டில் போடுவது இதைத்தான்.

அதாவது, மாத்திரையைத் தள்ளிப்போட்டு ஈரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைக்கிற அந்த இரண்டு வருடமும் ஈரலுக்கு ஓய்வே கிடையாது.

இதை நான் என் நம்பிக்கையில் சொல்லவில்லை. 2006ல் ஸ்மார்ட் என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. 33 நாடுகளில் 5,472 பேர். ஒரு பாதிப் பேர் மாத்திரையை விடாமல் போட்டார்கள், மறு பாதிப் பேர் சிடி4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறையும்போது மறுபடி தொடங்கினார்கள். மருந்து உடம்பைக் கெடுக்கிறது, இடைவெளி விட்டால் இதயமும் கிட்னியும் ஈரலும் பிழைக்கும் என்று அன்றைக்கு உலகமே நம்பியது, நாங்களும்தான் நம்பினோம். நடந்ததோ நேர்மாறு. நிறுத்தி நிறுத்திப் போட்டவர்களிடம்தான் மரணமும் அதிகம், இதய, சிறுநீரக, ஈரல் பாதிப்பும் அதிகம். ஆய்வை இடையிலேயே நிறுத்தும்படி ஆயிற்று. பிறகு 2015ல் ஸ்டார்ட் ஆய்வு, உங்களைப் போலவே சிடி4 500க்கு மேல் இருந்தவர்கள் 4,685 பேர். உடனே தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயோ மரணமோ வரும் வாய்ப்பு, காத்திருந்தவர்களை விட 57 சதவீதம் குறைவு. அந்த ஆய்வுக்குள்ளேயே ஒரு சிறு குழுவுக்கு ஈரல் ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடாத, பார்க்க ஆரோக்கியமாக இருந்த அந்த இளம் வயதுக்காரர்களில் சிலருக்கு அப்போதே ஈரலில் நார் படிந்திருந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் 2017ல் நம் நாட்டிலும் சிடி4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் உடனே மருந்து என்று மாற்றினார்கள்.

சரி, உங்கள் நண்பர் சொன்னதில் இருக்கும் பழைய உண்மை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது அதில் நெவிராபின் என்ற மருந்து இருந்தது. நல்ல மருந்துதான், லட்சக்கணக்கானவர்களை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் அது சிலருக்கு ஈரலைத் தாக்கும், கூடவே உடம்பு முழுக்கத் தடிப்பு வரும். அதில் இன்னொரு விசித்திரம், நோய் முற்றியவர்களை விட சிடி4 நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், பெண்களுக்கு 250க்கு மேல், ஆண்களுக்கு 400க்கு மேல். முதல் 14 நாள் பாதி அளவு கொடுத்து, ஒவ்வொரு நாளும் கண்ணைப் பார், தோலைப் பார் என்று சொல்லி அனுப்புவோம். அந்தக் காலத்தில் ஒரு இளம் பெண்ணின் கண் மஞ்சளாகி, வாயெல்லாம் புண்ணாகி வார்டில் கிடந்ததை நான் மறக்கவில்லை. அதே கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்று இன்னொன்று, ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும். கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்துபோனவர்களைப் பார்த்து ஊரே நோயைக் கண்டுபிடித்துவிடும். அந்த மருந்துகளின் கெட்ட பெயர் இன்னும் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் போடுவது டிஎல்டி. டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில். இவற்றில் ஈரலைத் தாக்குவதற்குப் பேர்போன மருந்து ஒன்றுமில்லை. அபூர்வமாக யாருக்காவது வரலாம், வராது என்று எந்த மருந்துக்கும் நான் எழுதித் தர மாட்டேன், அதற்காகத்தான் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம்.

உங்கள் 62 பற்றி. பெரும்பாலான லேப்களில் 40 வரை இயல்பு என்பார்கள், உங்களுடையது அதில் ஒன்றரை மடங்கு. ஐந்து மடங்கைத் தாண்டினாலோ, அளவு குறைவாக இருந்தும் வாந்தி, வலது விலாவுக்குக் கீழ் வலி, மஞ்சள் நிறம் இருந்தாலோதான் மருந்தை மாற்றுவது நிறுத்துவது பற்றியெல்லாம் மருத்துவர் யோசிப்பார். ஒரு கணக்கு சொல்லித் தருகிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். உங்கள் வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 29 பெருக்கல் 48, 1,392. தட்டணுக்கள் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 2,40,000 என்று வைத்துக்கொள்வோம், அதில் ஆயிரத்தை விட்டுவிட்டு 240. இதை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால், அதாவது 62க்கு 7.87ஆல் பெருக்கினால் சுமார் 1,890. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.74. ஃபிப்-4 என்று இதற்குப் பெயர். 1.45க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிதாக நார் படிந்திருக்க வாய்ப்பு குறைவு, 3.25க்கு மேலே போனால் கட்டாயம் ஈரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் தட்டணு எண்ணிக்கையைப் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எனக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார்களா, ரிசல்ட் என்ன? அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள். பி இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், வழக்கமாக மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடியும். எச்ஐவி உள்ளவர்களுக்கு இரட்டை அளவில் போடச் சொல்வதும் உண்டு. நம் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி வந்ததே 2011ல்தான், உங்கள் வயதுக்காரர்களில் பலருக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: எனக்கு 34 வயது. எச்ஐவியோடு மஞ்சள் காமாலை பி கிருமியும் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றரை வருடமாக டிஎல்டி போடுகிறேன், வைரல் லோட் (ரத்தத்தில் எச்ஐவி கிருமியின் அளவு) தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு தனியார் மருத்துவர் "கிரியேட்டினின் 1.1 இருக்கு, டெனோபோவிர் கிட்னிக்கு ஆகாது, இரண்டு மருந்து மட்டும் உள்ள மாத்திரைக்கு மாறிடுங்க" என்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ என்று 12 நாள் மாத்திரையே போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மாறலாமா?

பதில்: சகோதரி, ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு முறை அப்படிச் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மாத்திரை இரண்டு நோயை ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. டெனோபோவிரும் லாமிவுடினும் எச்ஐவிக்கு மட்டும் வேலை செய்பவை இல்லை, ஹெபடைடிஸ் பிக்கும் அவைதான் மருந்து. நிறுத்தினால் எச்ஐவி சில வாரங்களிலேயே மறுபடி தலை தூக்கும். பி கிருமியும் சும்மா இருக்காது. சில வாரங்களில் திடீரென்று பெருகி, அதை உடம்பு எதிர்க்கப் போய், அந்தச் சண்டையில் ஈரல் வெந்துபோகும். எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டிப் போவதும் உண்டு, சிலருக்கு ஈரலே செயலிழந்து உயிர் போகிற அளவுக்கு. ஈரலுக்கு இந்த மாத்திரையால் வரும் பெரிய ஆபத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பி கிருமி உள்ளவர் அதைத் திடுமென்று நிறுத்துவதைத்தான் சொல்வேன்.

இரண்டு மருந்து மாத்திரை என்று அவர் சொல்வது டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் சேர்ந்ததாக இருக்கும். எச்ஐவி மட்டும் இருப்பவருக்கு அது சரியான மருந்தே, நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆகாது. பி கிருமிக்கு எதிராக லாமிவுடினைத் தனியாக விட்டால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். எச்ஐவியும் பியும் சேர்ந்து இருந்தவர்களைப் பார்த்ததில் நான்கு வருடத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. 2004ல் நாங்கள் கொடுத்த கூட்டு மருந்தில் டெனோபோவிர் கிடையாது, பி பரிசோதனையும் எல்லோருக்கும் நடக்கவில்லை. எச்ஐவி கட்டுக்குள் இருக்க, ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோர்த்து வந்தவர்களை அப்போது பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கிரியேட்டினின் 1.1க்குப் பதற வேண்டாம். டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாக ஏறி அங்கேயே நிற்கும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும் ஒரு வழியை அந்த மருந்து அடைக்கிறது, அவ்வளவுதான், சிறுநீரகம் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நிஜமாகவே கிட்னிக்குச் சிரமம் என்றால் டெனோபோவிரின் இன்னொரு வடிவம் இருக்கிறது, டாஃப் என்பார்கள், அதுவும் பி கிருமிக்கு வேலை செய்யும். எந்த மாற்றம் செய்தாலும் பிக்கான மருந்து விட்டுப்போகக் கூடாது என்பதை உங்கள் ஏஆர்டி மருத்துவரிடம் சொல்லியே செய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது மாத்திரையை வேறு டப்பாவில், கால்சியம் மாத்திரை, சத்து மாத்திரை என்ற பெயரில் கொண்டுபோகும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அதில் தப்பே இல்லை. டப்பாவை நன்றாக மூடி, ஈரம் படாமல் வைத்தால் போதும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதே மாத்திரை குழந்தைக்கு இரண்டு கிருமியும் போகாமல் காக்கிறது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு பி தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கணவருக்கு பி பரிசோதனை செய்தாயிற்றா?

கேள்வி: என் மகன் மருந்து தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறேன். இப்போது அமுக்கரா சூரணமும் ஒரு லேகியமும் சேர்த்திருக்கிறேன். ஈரலைக் காக்கும்தானே?

பதில்: அம்மா, உங்கள் கையால் அரைத்துக் கொடுப்பதில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. என் பாட்டியும் காமாலை என்றால் முதலில் தேடியது கீழாநெல்லியைத்தான்.

கீழாநெல்லிக்கு ஒரு பெரிய கதை உண்டு, அதுவும் நம் சென்னைக் கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1988ல் லான்செட் இதழில் வந்தது. பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். கொடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் பிறகு வேறு நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, நோயாளிகள் வேறா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால், நம் ஊர்ச் செடி என்பதற்காக எனக்கு ஆசை எவ்வளவு இருந்தாலும், அதை மருந்துக்குப் பதிலாக என்னால் சொல்ல முடியாது.

தோட்டத்தில் நீங்களே பறித்த கீழாநெல்லியை எப்போதாவது மோரில் கொடுப்பதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். தினமும் வேண்டாம், ஏஆர்டி மருத்துவருக்குத் தெரியாமலும் வேண்டாம். என் பயம் அந்த லேகியம்தான். அதில் என்னென்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா? கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்காத காலத்தில் தாம்பரம் மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் எச்ஐவி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், அன்றைக்குக் கையில் வேறு எதுவும் இல்லை. அந்த ஞாபகத்தில் இன்றும் சிலர் தனியாகத் தயாரித்து விற்கிறார்கள். ரசம் என்றால் பாதரசம் அம்மா. யார், எப்படிச் சுத்தி செய்தார்கள் என்று தெரியாத பாதரசத்தை உங்கள் மகன் ஏன் சாப்பிட வேண்டும்? அமுக்கராவால் ஈரல் பாதித்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. கோவிட் சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்து, ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள்.

அரசு சித்த மருத்துவரைப் பாருங்கள், ஆனால் மகன் போடும் மாத்திரையை அவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு நாள் மட்டும் குடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு குவார்ட்டர். அன்றைக்கு மாத்திரையை விட்டுவிட்டு மறுநாள் போடுகிறேன், இரண்டும் மோதக் கூடாது என்று. சரிதானே?

பதில்: தவறு. மாத்திரையை விடுவதுதான் இதில் முதல் தவறு. சாராயமும் டிஎல்டியும் வயிற்றுக்குள் மோதிக்கொள்வதில்லை, குடித்த அன்றும் மாத்திரையைப் போடத்தான் வேண்டும். வாரம் ஒரு நாள் விட்டால் வருடத்துக்கு 52 நாள், கிருமி மறுபடி தலை தூக்க அது இடம் கொடுக்கும்.

அப்புறம் அந்தக் குவார்ட்டர். 180 மில்லி பிராந்தியில் ஆறு பெக் இருக்கிறது, ஒரே உட்காரலில் ஆறு பெக் என்பது ஈரலுக்குக் கொஞ்சம் இல்லை. எச்ஐவி உள்ளவரின் ஈரல் ஏற்கெனவே ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. விட முடிந்தால் விட்டுவிடுங்கள், முடியவில்லை என்றால் மையத்தில் கவுன்சலரிடம் சொல்லுங்கள், அவர் திட்ட மாட்டார். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மட்டும் ஒரே நாளில் தாங்களாக நிறுத்த வேண்டாம், கை நடுக்கம், வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். பி அல்லது சி கிருமி உள்ளவர்கள் ஒரு சொட்டும் தொடக் கூடாது.

கேள்வி: டிஎல்டியோடு டிபி வராமல் இருக்க என்று ஆறு மாதத்துக்கு இன்னொரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிறது. நான்கு நாளாகப் பசியே இல்லை, குமட்டுகிறது, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போகிறது. டிஎல்டியை நிறுத்தட்டுமா?

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்த அன்றே, நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த இன்னொரு மாத்திரை ஐசோனியசிட், 300 மில்லிகிராம். எச்ஐவி உள்ளவரை டிபி நெருங்காமல் வைக்க அது மிகவும் தேவை, ஆனால் டிஎல்டியை விட ஈரலைத் தொந்தரவு செய்யக்கூடியது அதுதான். சிலருக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். பசியின்மை, குமட்டல், காரணமில்லாத அசதி, பிறகு அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கடைசியில்தான் கண் மஞ்சள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கக் கூடாது. டிகாஷன் நிறத்தில் சிறுநீர் போனால் ஐசோனியசிட்டை அன்றே நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் மையத்துக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். டிஎல்டியைத் தொடர்வதா என்று அங்கே இருக்கும் மருத்துவர் சொல்வார், நாமாக முடிவு எடுக்கக் கூடாது. எஸ்ஜிபிடி இறங்கிய பிறகு டிபி தடுப்புக்கு வேறு வழி பார்ப்பார்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அதோடு கொடுக்கும் பி வைட்டமின் மாத்திரையால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அது ஒன்றும் இல்லை. ஏற்கெனவே டிபி வந்து ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்கும் பயம் வேண்டாம். ஆனால் ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இன்னொன்று 12 மணி நேரம் கழித்துக் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே கரைத்துவிடும். அது உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மருந்து தொடங்கி ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டேன். ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. வயது 41.

பதில்: டோலுடெக்ராவிர் தொடங்கியவர்களுக்கு எடை கூடுவது உண்மைதான், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூடுகிறது. நோயால் இளைத்திருந்த உடம்பு தேறுவது அதில் ஒரு பங்கு. ஆனால் "எய்ட்ஸ் வந்தவ மாதிரி இருக்கக் கூடாது" என்று வீட்டில் பாலும் முட்டையும் நெய்யுமாகத் திணித்ததும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், அதை நான் நிறையப் பார்க்கிறேன்.

எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக இறங்கிவிடும். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் வையுங்கள். டீயில் சர்க்கரையை விடுங்கள், தினமும் முக்கால் மணி நேரம் வேர்க்க நடங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருந்து மெட்ஃபார்மின் தொடங்கினால், டோலுடெக்ராவிர் போடுபவர்களுக்கு அது ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். எடைக்காக மாத்திரையை நிறுத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றார்கள். எச்ஐவியும் இருப்பதால் இதற்கு மருந்து இல்லை என்கிறார்களே?

பதில்: யாரோ பத்து வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறார்கள். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், சிலருக்கு அது தானாகவே போயிருக்கும். இப்போதும் இருக்கிறதா என்று ஆர்என்ஏ பரிசோதனை செய்ய வேண்டும். இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றுக்கு 95 பேர் போல முழுதாகக் குணமாகிறார்கள், எச்ஐவி இருந்தாலும் அதே பலன்தான். தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் 2018லிருந்து இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குணமான பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டும், திரும்ப வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் டாக்டரிடம் சளி, காய்ச்சல், வயிற்று வலி என்று அடிக்கடி போவேன். எனக்கு எச்ஐவி என்று அவருக்குத் தெரியாது. ஊரில் பரவிவிடும். சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்: சொன்னால்தான் நல்லது என்று சுலபமாக எழுதிவிடலாம், ஆனால் சின்ன ஊரில் அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். 2017ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் கூடாது. அந்தப் பாதுகாப்பு காகிதத்திலாவது உங்கள் பக்கம் இருக்கிறது.

இன்னும் மனம் வரவில்லையா, நோயின் பெயரைச் சொல்லாமலே காரியத்தைப் பார்க்கலாம். "எனக்கு ஈரல் கொஞ்சம் சரியில்லை, அதற்கு மாத்திரை போடுகிறேன், ஈரலைத் தாக்கும் மருந்து எழுத வேண்டாம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு நான்கு என்று நிறுத்திக்கொண்டால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது. நெஞ்செரிச்சலுக்கு அவர் ஆன்டாசிட் டானிக் எழுதினால், டிஎல்டி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலில் டானிக்கைக் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை டிஎல்டியோடு சேர்த்துச் சாப்பிடுவதானால் சாப்பாட்டோடுதான். பேர் தெரியாத மாத்திரையை வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்து உங்கள் மையத்தின் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மையம் தூரம் என்றால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.